பொட்டல்புதூருக்கு வந்த கவிஞர்: 38 வயதில் மறைந்த பாரதியும் நம் பொருநைக் கரையும்

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாகத் தென்காசிக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தப் பாதை நன்றாகத் தெரியும். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் மலை. ஆழ்வார்குறிச்சி தாண்டினால் பொட்டல்புதூர். முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசலின் பெயரால் தமிழ்நாடு முழுவதும் தெரிந்த ஊர். அடுத்து ரவணசமுத்திரம், அதை ஒட்டிக் கடையம். நம்மில் பலர் பெயர் ஒற்றுமையால் கடையத்தையும் கடையநல்லூரையும் குழப்பிக் கொள்வதுண்டு. கடையநல்லூர் தென்காசிக்கு வடக்கே இருக்கும் பெரிய ஊர். நாம் சொல்வது இந்தப் பக்கம், ராமநதியும் ஜம்புநதியும் மலையிலிருந்து இறங்கி வரும் சின்னக் கடையம்.

முண்டாசு, முறுக்கு மீசை, கறுப்புக் கோட்டு. அந்தப் படத்தைப் பார்த்தாலே நம் வீட்டுக் குழந்தைகள் பாரதியார் என்று சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அவர் பாட்டை மனப்பாடம் செய்யாத பிள்ளை இல்லை. அந்தப் பாரதி தன் கடைசிக் காலத்தில் இரண்டு ஆண்டுகள் இந்தக் கடையத்தில் வாழ்ந்தார் என்பதும், இங்கிருந்து பொட்டல்புதூர் முஸ்லிம்களின் கூட்டத்துக்குப் போய் இஸ்லாத்தின் மகிமையைப் பற்றிப் பேசினார் என்பதும் நம் குடும்பங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. அவர் இறந்தபோது வயது 38. நாற்பதைக்கூடத் தொடாத ஒரு வாழ்க்கை. அந்த வாழ்க்கையை நம் ஊர்களின் வழியாக ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம் என்றே இதை எழுதுகிறோம்.

உமறுப் புலவரின் ஊரில் பிறந்தவர்

சுப்பிரமணிய பாரதி 1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் பிறந்தார். இன்று அது தூத்துக்குடி மாவட்டம். அன்று திருநெல்வேலிச் சீமை. தந்தை சின்னசாமி அய்யர், தாய் லட்சுமி அம்மாள். வீட்டில் கூப்பிட்ட பெயர் சுப்பையா.

எட்டயபுரம் என்றதும் நமக்கு நினைவுக்கு வர வேண்டிய இன்னொரு பெயர் உமறுப் புலவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைச் சீறாப்புராணமாகத் தமிழில் பாடிய அந்தப் பெரும்புலவர் எட்டயபுரம் சமஸ்தானத்தோடு தொடர்புடையவர். அவருக்குத் தமிழ் கற்றுக் கொடுத்தவர் அந்த அரண்மனையின் அவைப்புலவராக இருந்த கடிகைமுத்துப் புலவர். இந்து ஆசிரியரிடம் படித்த முஸ்லிம் மாணவர் தமிழின் தலைசிறந்த இஸ்லாமியக் காப்பியத்தைத் தந்தார். உமறுப் புலவர் அடங்கியிருப்பதும் எட்டயபுரத்தில்தான். ஆகவே பாரதி பிறந்த மண்ணில் தமிழும் இஸ்லாமும் அவருக்கு இருநூறு ஆண்டுகள் முன்பே அறிமுகமாகி இருந்தன.

சுப்பையாவுக்கு ஐந்து வயதில் தாய் இறந்துவிட்டார். தந்தைக்கு மகன் கணக்கும் இங்கிலீஷும் படித்துப் பெரிய ஆளாக வர வேண்டும் என்று ஆசை. மகனுக்கோ தமிழ்ப் பாட்டு. பதினோரு வயதில் எட்டயபுரம் அரண்மனையில் புலவர்கள் முன்னிலையில் பாடிப் பாரதி என்ற பட்டம் பெற்றார். அந்தப் பட்டமே பிறகு பெயராக நிலைத்துவிட்டது.

நெல்லையில் பள்ளிப் பருவம்

1894 முதல் 1897 வரை பாரதி திருநெல்வேலி இந்துக் கல்லூரியின் பள்ளிப் பிரிவில் படித்தார். டவுனில் உள்ள அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. தந்தை கஷ்டப்பட்டுப் பணம் அனுப்பிப் படிக்க வைத்தார். ஆனால் தாய்மொழியை ஒதுக்கிவிட்டுச் சொல்லித் தந்த அந்தப் படிப்பு தனக்குப் பயன்படவில்லை என்றும், தந்தையின் பணம்தான் வீணானது என்றும் தன் வாழ்க்கையைப் பாட்டாக எழுதியபோது பாரதி மனம் நொந்து சொல்லியிருக்கிறார்.

படித்துக் கொண்டிருந்தபோதே, 1897இல், கடையத்துச் செல்லம்மாளுடன் திருமணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு 14 வயது, பெண்ணுக்கு 7. அந்தக் கால வழக்கம் அது. பின்னாளில் குழந்தைத் திருமணத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதியவர் அந்த வழக்கத்தை அனுபவத்தில் அறிந்தவர்.

தந்தை எட்டயபுரத்தில் பருத்தி அரைவை ஆலை வைத்தார். தொழில் நொடித்தது. கடன் சேர்ந்தது. 1898இல் அந்தக் கவலையோடு அவர் இறந்து போனார். பதினைந்து வயதில் தாயும் இல்லை, தந்தையும் இல்லை, சொத்தும் இல்லை. காசியில் இருந்த அத்தை குப்பம்மாள் அழைத்துக் கொண்டார். அங்கே இந்தியும் சமஸ்கிருதமும் படித்தார். அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் தேறினார். குடுமியை எடுத்துவிட்டு மீசையும் தலைப்பாகையும் வைத்துக் கொண்டதும் அங்கேதான். வட இந்தியாவின் பல மொழி, பல சமய மக்களை நேரில் பார்த்துப் பழகிய நான்கு ஆண்டுகள் அவை.

பத்திரிகையும் சுதேசியும்

ஊருக்குத் திரும்பிச் சில காலம் எட்டயபுரம் அரண்மனையில் வேலை. பிறகு 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் மூன்று மாதம் தற்காலிகத் தமிழாசிரியர். சம்பளம் மாதம் பதினேழரை ரூபாய். அந்த ஆண்டு நவம்பரில் சென்னைக்குப் போய்ச் சுதேசமித்திரனில் உதவியாசிரியராகச் சேர்ந்தார். 1906இல் தொடங்கிய இந்தியா வார இதழ் அவர் எழுத்தால் தமிழ்நாடெங்கும் பேசப்பட்டது. தமிழ்ப் பத்திரிகையில் கேலிச்சித்திரம் என்பதை வழக்கத்துக்குக் கொண்டு வந்த இதழ் அது.

அதே காலத்தில் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாகச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். அந்தக் கம்பெனியின் செயலாளராக இருந்தவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கிக் கம்பெனி நிற்பதற்குக் கை கொடுத்தவர். பாரதியின் பத்திரிகை இந்தக் கப்பல் முயற்சிக்குத் துணை நின்றது. நம் பகுதியின் சுதேசி வரலாறு எல்லாச் சமூகத்தாரும் சேர்ந்து எழுதியது என்பதற்கு இது ஒரு சாட்சி.

1908 மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் நெல்லை கொதித்தது. அரசு அலுவலகங்கள் தீக்கிரையாகின. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். அடக்குமுறை சென்னைக்கும் வந்தது. இந்தியா இதழின் பொறுப்பாளராகப் பதிவு செய்யப்பட்டிருந்தவர் கைதானார். அடுத்துத் தன்மேல் கை வைப்பார்கள் என்ற நிலையில் பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய்விட்டார்.

அப்போது அவருக்கு 25 வயது. அங்கே பத்து ஆண்டுகள். வாசலில் ஒற்றர்கள், வீட்டில் வறுமை. இந்தியா இதழும் நின்று போனது. ஆனாலும் அவருடைய மிகச் சிறந்த படைப்புகளில் பல அங்கேதான் பிறந்தன. பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு எல்லாம் புதுச்சேரிக் காலத்தவை. குழந்தைகளுக்காக எழுதிய புதிய ஆத்திசூடியும் உண்டு. அதன் கடவுள் வாழ்த்தில் எல்லாச் சமயத்தாரும் வணங்கும் பரம்பொருள் ஒன்றே என்று சொல்லும்போது, முஹம்மது நபி (ஸல்) அவர்களுக்கு வேதத்தை அருளியவன் என்றும் அந்த இறைவனை நினைக்கிறார். தமிழ்க் குழந்தைகளுக்கான ஒரு நூலின் முதல் பாட்டிலேயே இப்படி ஒரு வரியை வைப்பதற்கு அகன்ற மனம் வேண்டும்.

கடையத்தில் இரண்டு ஆண்டுகள்

முதல் உலகப் போர் முடிந்தது. ஊருக்குத் திரும்பலாம் என்று 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டினார். கடலூர் அருகே போலீஸ் பிடித்துச் சிறையில் வைத்தது. மூன்று வாரத்துக்கு மேல் சிறை. நண்பர்கள் முயற்சியால் டிசம்பரில் விடுதலை கிடைத்தது. ஆனால் நிபந்தனைகள் இருந்தன. திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்க வேண்டும். அரசியலில் ஈடுபடக் கூடாது. எழுதுவதைப் போலீஸ் அதிகாரியிடம் காட்டிய பிறகே அச்சிட வேண்டும். எழுத்தையே தொழிலாகக் கொண்டவருக்கு இது இன்னொரு சிறை.

அப்படித்தான் மனைவியின் ஊரான கடையத்துக்கு வந்து சேர்ந்தார். செல்லம்மாளும் தங்கம்மாள், சகுந்தலா என்ற இரண்டு மகள்களும் உடன்.

ஊர் அவரை எப்படி ஏற்றுக் கொண்டது? மாமியார் வீட்டு ஊர்தான். ஆனாலும் அக்ரகாரத்தில் அவருக்கு நல்ல வரவேற்பு இல்லை. சாதி ஆசாரம் பார்க்காதவர், எல்லாருடனும் உட்கார்ந்து சாப்பிடுகிறவர், போலீஸ் கண்காணிப்பில் இருக்கிறவர். உறவினர்கள் தள்ளியே இருந்தார்கள். உரக்கப் பாடிக்கொண்டு தெருவில் நடக்கும் மனிதரைப் பித்தர் என்றவர்களும் உண்டு. நித்யகல்யாணி அம்மன் கோயில் பக்கம் மலையடிவாரத்தில் பாறையில் தனியாக உட்கார்ந்து பாடுவார் என்று ஊரில் சொல்லி வந்தார்கள். அடுப்பில் உலை வைக்க அரிசி இருக்கிறதா என்ற கவலை செல்லம்மாளுடையது. எட்டயபுரம் ஜமீன்தாருக்கு 1919இல் கவிதையாகவே கடிதம் எழுதி உதவி கேட்டார். பலன் இல்லை.

நாட்டுக்கே பாட்டுக் கொடுத்தவருக்குச் சொந்த ஊரில் காது கொடுக்க ஆள் இல்லாத காலம் அது. அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊர் அவரைக் கூப்பிட்டது.

பொட்டல்புதூர் கூட்டம்

கடையத்திலிருந்து பொட்டல்புதூர் நடந்து போய்விடும் தூரம்தான். 1920 ஜூன் மாதம் அந்த ஊர் முஸ்லிம்களின் கூட்டத்தில் பாரதி பேசினார். பொருள், இஸ்லாம் மார்க்கத்தின் மகிமை. பேச்சு சுதேசமித்திரனில் வெளியானது. இன்றும் அவருடைய கட்டுரைத் தொகுப்புகளில் அதைப் படிக்கலாம்.

அந்தக் காலத்தை நாம் நினைவில் கொள்ள வேண்டும். கிலாபத் இயக்கம் நாடெங்கும் பரவியிருந்த ஆண்டு அது. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே மேடையில் நின்றார்கள். பெரிய நகரங்களில் பெரிய தலைவர்கள் பேசினார்கள். இங்கே தாமிரபரணிப் படுகையின் ஒரு சிற்றூரில், மேடையும் மாலையும் எதிர்பார்க்க முடியாத நிலையில் இருந்த ஒரு கவிஞர் வந்து பேசினார். அரசியல் பேசக் கூடாது என்று தடை இருந்த மனிதர், அண்டை வீட்டாரின் மார்க்கத்தைப் பற்றி மனம் திறந்து பேசினார்.

அந்தக் கூட்டத்தோடு சேர்த்து நினைக்கப்படும் பாட்டு அவருடைய அல்லாஹ்வைப் பற்றிய பாட்டு. அதில் அவர் இரண்டு விஷயங்களைப் பாடுகிறார். ஒன்று, எண்ண முடியாத கோடி அண்டங்களை எல்லாத் திசையிலும் படைத்துச் சுழல விட்டிருக்கும் இறைவனின் வல்லமை. சொல்லாலும் மனத்தாலும் எட்ட முடியாதவன் என்கிறார். மற்றொன்று, அந்த இறைவனின் கருணை. படிக்காதவரோ, உண்மை பேசத் தவறியவரோ, தீய வழியில் போனவரோ, யாராக இருந்தாலும் அவனைப் போற்றி அண்டி வந்தால் மரண பயத்தைப் போக்குகிறான் என்கிறார்.

நமக்கு இது புதிய செய்தி அல்ல. தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வேறு சமயத்தில் பிறந்த ஒருவர், நம் நம்பிக்கையின் நடுவில் இருக்கும் இரண்டையும், வல்லமையையும் ரஹ்மத்தையும், இவ்வளவு சரியாகப் பிடித்துக் கொண்டாரே என்பதுதான் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. மரியாதைக்காகப் புகழ்ந்துவிட்டுப் போகிறவரால் இப்படி எழுத முடியாது. கேட்டும் படித்தும் உள்வாங்கியவரால்தான் முடியும்.

தவறு என்றதும் திருத்திக் கொண்டவர்

பொட்டல்புதூர்ப் பேச்சைவிடவும் நமக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு சம்பவம்.

ரெயில்வே ஸ்தானம் என்று ஒரு சிறுகதை எழுதினார். தென்காசி ரயில் நிலையத்தில் ஒரு காலை நேரத்தில் நடக்கும் கதை. வசதியான குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் இளைஞர் வருகிறார். சொத்து வெளியே போய்விடக் கூடாது என்று தன் சித்தப்பாவின் மூன்று பெண்களையும் மணம் செய்து வைத்துவிட்டார்கள் என்றும், அதனால் வீட்டில் நிம்மதி இல்லை என்றும் தன் துயரத்தைச் சொல்கிறார். சொத்துக்காகச் செய்யும் கல்யாணம் யாருக்கும் சுகம் தராது என்பதே கதையின் நோக்கம். கதை சுதேசமித்திரனில் வந்தது.

படித்த நமக்கு உடனே தோன்றும். உடன்பிறந்த சகோதரிகளை ஒரே காலத்தில் மனைவியராக வைத்திருப்பது இஸ்லாத்தில் அனுமதிக்கப்படாதது. குர்ஆனில் அந்நிஸா அத்தியாயத்தின் 23ஆம் வசனம் இதைத் தெளிவாகத் தடுக்கிறது. அப்படியிருக்க, கதையின் அடிப்படையே பிழை.

கதையைப் படித்த ஒரு முஸ்லிம் நண்பர் சும்மா இருக்கவில்லை. பாரதியிடம் வந்தார். சண்டை போடவில்லை. உங்கள் கதையில் இப்படி ஒரு பிழை இருக்கிறது, எங்கள் மார்க்கச் சட்டம் இது என்று எடுத்துச் சொன்னார். பாரதி என்ன செய்தார்? கதைதானே, கற்பனைதானே என்று சமாளிக்கவில்லை. நண்பர் வந்ததையும் பிழையைச் சொன்னதையும் அதே பத்திரிகையின் வாசகர்களுக்கு எழுதினார். தன் தவறைத் தானே ஊருக்குச் சொன்னார்.

நூறு ஆண்டுகள் கழித்து இதைப் படிக்கும்போது இரண்டு பேர் மீதும் மரியாதை வருகிறது. ஒருவர், பெயர் பெற்ற எழுத்தாளரிடம் நேரில் போய் அமைதியாகப் பேசிய அந்த நண்பர். கோபப்பட்டு ஊரைக் கூட்டியிருக்கலாம், அல்லது நமக்கென்ன என்று பத்திரிகையை மடித்து வைத்திருக்கலாம். இரண்டும் செய்யாமல் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் சொன்னார். மற்றவர், அதைக் கேட்டுக் கொண்ட கவிஞர். இன்றைக்கு ஒரு கதையிலோ சினிமாவிலோ நம்மைப் பற்றித் தவறாக ஏதாவது வந்துவிட்டால் இரண்டு பக்கமும் எப்படி நடந்து கொள்கிறோம் என்று யோசித்தால், அந்த இருவரும் நமக்குப் பாடம் நடத்துவது புரியும்.

பாரதி எல்லாவற்றிலும் நம்மோடு ஒத்த கருத்து உடையவர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவருடைய சமய நம்பிக்கை வேறு. பெண்களின் நிலை பற்றியும் பழைய வழக்கங்கள் பற்றியும் எல்லாச் சமூகத்தாரிடமும் கறாராகப் பேசியவர் அவர். தன் சமூகத்தை மற்ற எவரையும்விடக் கடுமையாக விமர்சித்தார். கருத்து வேறுபாடு இருந்தும் பக்கத்தில் உட்கார்ந்து பேச முடிந்ததே, அதைத்தான் நட்பு என்கிறோம்.

நாற்பது புத்தகக் கனவு

கடையத்தில் இருந்தபோது அவர் மனத்தில் ஒரு பெரிய திட்டம் இருந்தது. அதுவரை எழுதியதை எல்லாம் நாற்பது புத்தகங்களாகப் பிரிப்பது. ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அச்சிடுவது. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல ஒவ்வொரு வீட்டுக்கும் புத்தகம் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தார். இதற்காக நண்பர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் அச்சடித்த கடிதம் அனுப்பினார். நன்கொடை கேட்கவில்லை. ஆளுக்கு நூறு ரூபாயாவது கடனாகக் கொடுங்கள், வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று கேட்டார்.

திட்டம் நிறைவேறும் அளவுக்குப் பணம் வரவில்லை. நாலு லட்சம் பிரதிகள் என்பது அன்றைக்குப் பலருக்குப் பைத்தியக்காரக் கணக்காகத் தெரிந்திருக்கும். அவர் இறந்த பிறகு விற்ற பாரதி நூல்களை எண்ணிப் பார்த்தால் நாலு லட்சம் மிகச் சின்னக் கணக்கு. அவர் கணக்குச் சரிதான். அதைப் பார்க்கத்தான் அவர் இல்லை.

கடைசி மாதங்கள்

1920 கடைசியில் தடைகள் நீங்கின. பாரதி கடையத்தை விட்டுச் சென்னைக்குப் போய் மறுபடியும் சுதேசமித்திரனில் சேர்ந்தார். திருவல்லிக்கேணியில் குடியிருந்தார்.

1921இல் பார்த்தசாரதி கோயில் யானைக்கு வழக்கம்போலப் பழம் கொடுக்கப் போனபோது யானை தள்ளிவிட்டது. கீழே விழுந்து கிடந்தவரை நண்பர் குவளைக்கண்ணன் பாய்ந்து தூக்கினார். யானை அடித்துத்தான் பாரதி இறந்தார் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அந்தக் காயத்திலிருந்து தேறி வேலைக்குப் போனார். ஜூலை 31 அன்று ஈரோடு அருகே கருங்கல்பாளையம் வாசகசாலையில் பேசினார். மனிதனுக்கு மரணமில்லை என்பது பேச்சின் பொருள். அதன் பிறகு ஆறு வாரமே அவருக்கு வாய்த்தது.

செப்டம்பரில் வயிற்றுக் கடுப்பு நோய் வந்தது. பல ஆண்டு வறுமையால் ஏற்கெனவே தளர்ந்திருந்த உடம்பு அதைத் தாங்கவில்லை. செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் உயிர் பிரிந்தது. 39 வயது நிறைய இன்னும் மூன்று மாதம் இருந்தது. மறுநாள் அவர் உடலோடு சென்றவர்கள் இருபது பேர்கூட இல்லை என்று அவரை அறிந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

செல்லம்மாளுக்கு அப்போது 31 வயது. கணவரின் எழுத்துகளைப் பதிப்பிக்கும் வேலையை உறவினர் துணையோடு அவரே தொடங்கினார். பாரதி கேட்டபோது நூறு ரூபாய் தராத நாடு, 1947இல் எட்டயபுரத்தில் அவருக்கு மணிமண்டபம் கட்டித் திறந்தது. 1949இல் சென்னை அரசு அவர் நூல்களின் உரிமையை வாங்கியது. பிறகு மக்கள் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று பொதுவாக்கியது. நினைவு நூற்றாண்டான 2021இல், செப்டம்பர் 11 இனி மகாகவி நாளாகக் கடைப்பிடிக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. எல்லா மரியாதையும் வந்தது. எல்லாம் அவர் போன பிறகு வந்தது.

நம் வீட்டில் ஒருவர் இருக்கலாம்

இதை எழுதும்போது நமக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுவது ஒன்றுதான். ஆயுள் அல்லாஹ்வின் கையில். யாருக்கு எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. எழுபது வயது வரை இருப்பார், பிறகு பாராட்டிக் கொள்ளலாம் என்று எவரையும் தள்ளி வைக்க முடியாது.

மேலப்பாளையத்திலோ பேட்டையிலோ கடையநல்லூரிலோ, இன்றைக்கும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எதையோ எழுதிக் கொண்டிருக்கும். படம் வரையும். பாட்டுக் கட்டும். இதெல்லாம் சோறு போடுமா என்று நாம் கேட்போம். கேள்வி நியாயமானதுதான், பாரதியின் வீட்டிலும் சோற்றுக்குக் கஷ்டம்தான். படிப்பும் வேலையும் வேண்டும் என்று சொல்வது பெற்றவர் கடமை. ஆனால் அந்த நோட்டை ஒருமுறை வாங்கிப் படித்துப் பார்ப்பதற்குப் பணம் செலவில்லை. ஒரு வாப்பா, ஒரு உம்மா, ஒரு மாமா, தெருவில் ஒரு ஆசிரியர், யாராவது ஒருவர் கேட்டாலே அந்தப் பிள்ளைக்குப் போதும். தவறு இருந்தால் அந்த முஸ்லிம் நண்பர் பாரதியிடம் சொன்னது போல எடுத்துச் சொல்லலாம். எழுதியதைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் பத்திரமாக எடுத்து வைக்கலாம்.

பொட்டல்புதூர்க்காரர்கள் 1920இல் பெரிய காரியம் எதுவும் செய்துவிடவில்லை. கவிஞரின் கடனை அடைக்கவில்லை, புத்தகம் போட்டுத் தரவில்லை. வாருங்கள், எங்களுக்காகப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். வந்தவர் பேசியதைக் கேட்டார்கள். அவர் உயிரோடு இருந்தபோது கேட்டார்கள் என்பதுதான் விஷயம். மணிமண்டபங்களுக்கெல்லாம் முந்திய மரியாதை அது.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளோடு குற்றாலம் போகிறவர்கள் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பொட்டல்புதூரில் இறங்கி, இந்த ஊரில்தான் பாரதியார் இஸ்லாத்தைப் பற்றிப் பேசினார் என்று சொல்லலாம். அப்படியே கடையத்தில் அந்த மலையடிவாரத்தைக் காட்டலாம். தூத்துக்குடிப் பக்கம் போனால் எட்டயபுரத்தில் உமறுப் புலவர் அடக்கமான இடத்தையும் பாரதி பிறந்த வீட்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். இரண்டும் ஒரே ஊரில் இருக்கின்றன என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.